தேதியை மாற்றியது யார்?

கண்ணாடிக் கடைக்காரர் வீட்டில் பெண்ணுக்கு இருபத்து மூன்று வயதாகியும் பாப்பாதான். கடையில் லென்ஸ் வெட்டும் மெஷினை ஓட்டுவது ஒரு பழைய புரோகிராம். அதன் கெடு எப்போதோ முடிந்துவிட்டது. புதுசு வாங்கலாமென்றால் அதைச் செய்த கம்பெனியே இழுத்து மூடிவிட்டது. அப்பா சளைக்கவில்லை. கம்ப்யூட்டரின் தேதியைப் பின்னுக்குத் தள்ளி வைத்தார். கெடு நெருங்கும்போதெல்லாம் மறுபடி தள்ளுவார். ஊர் உலகமெல்லாம் எங்கேயோ போக, அந்தப் பெட்டி மட்டும் பழைய வருடத்திலேயே சட்டமாக உட்கார்ந்திருந்தது.

அந்தத் தேதியைத்தான் பாப்பா காலையில் சரிசெய்து தொலைத்தாள். மாலையில் அதே கம்ப்யூட்டரில், வீடியோவில் அவளுக்கு வேலைக்கான நேர்காணல். தேதி தப்பாக இருந்தால் நேர்காணலுக்கான இணையப் பக்கம் திறக்கவே மாட்டேனென்கிறது. வேலை வெளியூரில். அதை அப்பாவிடம் இன்னும் சொல்லவில்லை.

பஸ் டிரைவர் ஒருவர் உடைந்த கண்ணாடியோடு வந்து உட்கார்ந்தார். சாயங்காலம் வண்டி எடுக்க வேண்டும். புரோகிராமோ இயங்காது என்று ஒரு வரி காட்டிவிட்டு மூடிக்கொண்டது. அப்பா அணைத்துப் போட்டுப் பார்த்தார். ஒயரைப் பிடுங்கிச் செருகினார். தேதியை மட்டும் பார்க்கவில்லை. போன வாரம்தானே தள்ளி வைத்தார்! பழி அம்மாவின் துடைப்பத்தின் மேல் விழுந்தது.

“நேத்து கூட்டும்போது எதையாவது இழுத்தியா?”

“ஆமா, எனக்கு வேற வேலையில்ல பாருங்க. பெட்டிக்குள்ள போயா கூட்டினேன்?”

பாப்பாவுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. வாயைத் திறந்தால் ஏன் மாற்றினாய் என்பார்.

“முடியலன்னா சொல்லிடுங்கண்ணே, டிப்போவுல லீவு சொல்லணும்,” என்றார் டிரைவர்.

அவர் முகத்தைப் பார்த்ததும் அவளுக்குப் பொறுக்கவில்லை. “அப்பா, தேதியை நான்தான் மாத்தினேன்,” என்று ஆரம்பித்து நேர்காணல் வரை ஒரே மூச்சில் கொட்டிவிட்டாள்.

“அடிப்பாவி! பின்னால தள்ளி லென்ஸை வெட்டிட்டு மறுபடி முன்னால வெச்சா முடிஞ்சுது. இதுக்கா என்னைக் காலையிலேருந்து ஒயரோட மல்லுக்கட்ட விட்டே?”

அது அவளுக்கும் தெரியாததல்ல.

“வெளியூருப்பா. அங்கேயே தங்கணும்.”

அப்பா கம்ப்யூட்டர் பக்கம் திரும்பினார். தேதியைத் தள்ளினார், லென்ஸை வெட்டினார், டிரைவரை அனுப்பினார். மாலையானதும் தேதியைத் தானே சரிசெய்துவிட்டு, ஷட்டரைப் பாதி இறக்கி வெளியே போய் நின்றுகொண்டார். கோபமா இல்லையா என்று அம்மாவுக்கே பிடிபடவில்லை.

நேர்காணல் செய்த அம்மாள் கேட்டதற்கெல்லாம் பாப்பா மளமளவென்று பதில் சொன்னாள். கடைசியில் அவர், “இங்கேயே தங்கணுமே, வீட்ல சம்மதம்தானே?” என்றார்.

பாப்பா விழித்தாள். ஷட்டருக்கு வெளியே அப்பாவின் குரல் யாரிடமோ எகிறியது.

“மெதுவாப் பேசுங்க சார்! உள்ளே எம்பொண்ணு வேலைக்குப் பேசிக்கிட்டிருக்கா. கிடைச்சா வெளியூர் போயிடுவா. உங்க கண்ணாடியை நாளைக்கு வாங்கிக்கலாம்.”

“சம்மதம்தான் மேடம்,” என்றாள் பாப்பா. குரல் பாதியிலேயே அடைத்துக்கொண்டது.

“நெட் சரியில்ல போல. மறுபடி சொல்லுங்கம்மா,” என்றார் அந்த அம்மாள்.

மறுபடி சொன்னாள்.