கடைசிக் கதவு

நாற்பது வயதில் வீடியோ கேம் ஆடி மூக்கைச் சிந்திய மடையன் யாரென்று கேட்டால், கிள்ளானில் என்னைத்தான் கைகாட்டுவார்கள். பழைய ஆட்டங்கள்மேல் இப்போது எல்லாருக்கும் பைத்தியம்; நானும் ஒரு பழைய மெஷினை வாங்கிவந்தேன். அது சூடாகி அந்தப் பிளாஸ்டிக் வாடை கிளம்பியதுமே, இடித்துவிட்டு அடுக்குமாடிக் கொண்டோமினியம் கட்டிவிட்ட எங்கள் பிரிக்பீல்ட்ஸ் ரயில்வே குவார்ட்டர்ஸ் கண்முன் வந்து நின்றது.

ரயில் போகும்போதெல்லாம் டிவிப் படம் நடுங்க, சிமெண்டுத் தரையில் பாய் விரித்து, அம்மா இறந்த வருஷம் முழுவதும் நானும் அக்காவும் ஒரே ஆட்டத்தைத்தான் ஆடினோம். எழுத்தெல்லாம் ஜப்பான் மொழி. பதினோரு வயது அக்கா அதை மளமளவென்று தமிழில் படித்துச் சொல்வாள். அவளுக்கு ஜப்பான் மொழி தெரியும் என்று நம்பிய மேதை நான். ராட்சசன் தூக்கிப்போன அம்மாவைத் தேடி ஒரு பையன் போகிறான், கடைசிக் கதவுக்குப் பின்னால் அம்மா இருக்கிறாள் என்பது அவள் படித்த கதை. அந்தக் கதவு வந்ததும் சுவிட்சை அணைத்துவிடுவாள். "அம்மா தூங்குறாங்கடா, நாளைக்குப் போலாம்லா."

நேற்று, யாரோ ரசிகர்கள் ஆங்கிலத்தில் மொழிபெயர்த்த அதே ஆட்டத்தில், அந்தக் கதவைத் திறந்தேன். தங்கக் காசுப் பெட்டி ஒன்றுதான் இருந்தது. கதையில் அம்மாவே இல்லை. சுங்கை பூலோவில் இருக்கும் அக்காவுக்குப் போன் போட்டேன்.

"அக்கா, அந்தக் கதவுக்குப் பின்னாடி வெறும் பெட்டிதான்க்கா இருக்கு."

"அதனாலதான்டா ஆஃப் பண்ணேன்."