இப்ப தெரியுதா?

இது நடந்தது. எனக்கு நடந்தது. நான் மருந்துக் கடையில் வேலை பார்க்கிறவள். டாக்டர் சீட்டு இல்லாமல் தூக்க மாத்திரை கேட்டு வருகிறவர்கள் ஆளுக்கொரு கதை சொல்வார்கள். எது புளுகு, எது நிஜம் என்று முகத்தைப் பார்த்தே சொல்லிவிடுவேன். இப்போது என் முகத்தை நீங்கள் பார்க்க முடியாது, அது ஒன்றுதான் குறை. அன்று எனக்குக் காய்ச்சல் இல்லை. மாத்திரை எதுவும் போட்டுக்கொள்ளவில்லை. தூங்கவும் இல்லை. நம்புகிறவர்கள் நம்புங்கள்.

என் கணவர் அச்சகத்தில் மெஷின் ஓட்டினார். இந்த உலகத்தில் அவருக்கு இரண்டே எதிரிகள். ஒன்று என் தம்பி, இன்னொன்று எங்கள் டிவி. தம்பியையாவது எப்போதாவது மன்னிப்பார். எங்களுடையது மேல் மாடி வீடு. தலைக்கு நேர் மேலே மொட்டை மாடி. அங்கே ஓர் இரும்புக் குழாய், அதன் உச்சியில் ஆன்டெனா. தெருவுக்கு எதிர்ப்பக்கம் ஒரு பெரிய கட்டடம் எழும்ப எழும்ப எங்கள் படம் கெட்டுக்கொண்டே வந்தது. திரையில் யார் வந்தாலும் பக்கத்தில் இன்னொருத்தர் மங்கலாக நின்றார். செய்தி வாசிக்கிற பெண்ணுக்கு நாலு கண்.

வீட்டு ஓனர் கறாரானவர். புதிதாக ஒரு வயர் இழுக்கக் கூடாது, சுவரில் ஓட்டை போடக் கூடாது. இருக்கிற வயரை வைத்துத்தான் மாரடிக்க வேண்டும். அதனால் எட்டு மணிச் செய்திக்கு முன்னால் என் கணவர் ஸ்பேனரோடு மாடிக்குப் போவார். நான் டிவி முன்னால் உட்காருவேன். சமையலறை ஜன்னல்தான் எங்கள் டெலிபோன். குழாயை லேசாகத் திருப்புவார். ஸ்பேனரால் இரண்டு தட்டு தட்டுவார். டங்… டங்…

"இப்ப தெரியுதா?"

"இல்லீங்க!"

டங்… டங்… "இப்ப?"

"வந்துச்சு… ஐயோ, போயிடுச்சு!"

"போகாம என்ன செய்யும்? நீ வாயத் தொறந்தா நானே ஓடிடுவேன்."

கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் நாங்கள் அதிகம் பேசிக்கொண்டது அந்த ஜன்னல் வழியாகத்தான். சிரிக்காதீர்கள். நாளெல்லாம் நின்றுவிட்டு வருகிற இரண்டு பேருக்கு வேறு என்ன பேச்சு இருக்கும்?

கடைசி நாள் காலையில், வேலைக்குக் கிளம்பும்போதும் மாடி ஏறினார். "இப்ப தெரியுதா?" என்றார். நான் பதில் சொல்வதற்குள் கரண்ட் போய்விட்டது.

"கரண்ட் போச்சுங்க!"

"சரி, வந்து பாத்துக்கறேன்."

வீட்டுக்குள் வராமல் அப்படியே படியிறங்கிப் போனார். மத்தியானம் மெஷின் பக்கத்தில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாராம். பிறகு எழுந்திருக்கவே இல்லை.

டிவியை ஒரு படுக்கை விரிப்பால் மூடினேன். எட்டு மாசம் அது மூடியேதான் கிடந்தது. வீட்டில் எனக்குப் பேச்சுத் துணை குக்கர் ஒன்றுதான். அதுவும் மூன்று விசிலோடு நிறுத்திக்கொள்ளும். ஒரு மனுஷக் குரல் கேட்டால் போதும் என்று ஆகிவிட்டது. யாராவது செய்தி வாசிக்கட்டும், யாராவது எண்ணெய் விளம்பரம் செய்யட்டும். அதற்காகத்தான் தம்பியைக் கூப்பிட்டேன். அவன் டிவி ரிப்பேர் கடையில் இருக்கிறான்.

"புது வயர் வேணாம்க்கா. உள்ளதை ஒழுங்கு பண்ணாலே வரும்" என்றான். டிவியை ஃபிரிட்ஜ் பக்கத்திலிருந்து தள்ளி வைத்தான். சுருட்டிக் கட்டியிருந்த வயரைப் பிரித்து நீளமாக விட்டான். வயர் நுனியில் பச்சையாகப் பூத்திருந்த களிம்பைக் கத்தியால் சுரண்டினான். "எதிர்க் கட்டடத்துல பட்டு லேட்டா வர்ற படம்தான் ரெண்டாவதா தெரியுது. ஆன்டெனாவைத் திருப்பணும்" என்று மாடிக் கதவுச் சாவியை எடுத்துக்கொண்டு போனான். அந்தச் சாவி தொங்குகிற ஆணிதான் ஓனருக்குத் தெரியாமல் நாங்கள் அடித்த ஒரே ஆணி.

நான் டிவி முன்னால் உட்கார்ந்தேன். மணி ஏழே முக்கால். வெளியே காற்று இரைச்சலாக அடித்தது.

டங்… டங்…

"இப்ப தெரியுதா?"

"இல்லடா. ரெட்டையாத்தான் வருது."

இரும்பு கிரீச்சிட்டது. திரையில் எண்ணெய் விளம்பரப் பெண்ணும் அவள் பக்கத்தில் நின்ற மங்கலானவளும் மெல்ல நெருங்கினார்கள். இன்னும் கொஞ்சம்… இன்னும் கொஞ்சம்… இருவரும் ஒருத்தி ஆனார்கள். அவள் காதுத் தோடு வரைக்கும் தெரிந்தது. வந்துவிட்டது என்று கத்த வாயெடுத்தேன்.

வாசல் கதவைத் திறந்துகொண்டு தம்பி உள்ளே வந்தான். கையில் வயரில் சுற்றுகிற டேப், புதிதாக வாங்கியது.

"நீ எப்படா கீழ போன?"

"அப்பவே. டேப் தீர்ந்துபோச்சு, கடைக்குப் போனேன்."

"அப்ப மேல யாரு?"

"யாரும் இல்லியே. பூட்டிட்டுத்தான் போனேன்." சாவியைக் காட்டினான்.

டங்… டங்…

தம்பியின் முகம் வெளுத்தது. என்னைப் பார்க்காமலே "காத்துக்கா" என்றான். போட்டு வைத்த காபியைக் குடிக்காமல் கிளம்பிவிட்டான். தெருமுனை திரும்பும் வரைக்கும் அவன் மாடியை அண்ணாந்து பார்க்கவே இல்லை. நான் உள்ளே வந்தபோது படம் மறுபடி கெட்டிருந்தது. அன்றிரவு மொட்டை மாடியில் வேறு சத்தம் எதுவும் இல்லை.

தம்பி ஸ்பேனர் எடுத்துப் போகவில்லை என்பது படுத்த பிறகுதான் உறைத்தது.

மறுநாள் நான் மட்டும்தான் வீட்டில். சாவி ஆணியில் இருந்தது. அதை இரண்டு தடவை தொட்டுப் பார்த்துக்கொண்டேன். ஏழே முக்காலுக்கு டிவியைப் போட்டேன். ரெட்டை உருவம். கோடு. இரைச்சல்.

ஒன்றும் இல்லை…

காற்றுகூட இல்லை…

டங்… டங்…

"இப்ப தெரியுதா?"

அவர் குரல்.

அவரேதான்.

பயந்துதான் போனேன், இல்லையென்று சொல்லமாட்டேன். ஆனால் ஒரு நிமிஷத்துக்கு மேல் அந்தப் பயம் நிற்கவில்லை. எட்டு மாசமாக எந்தக் குரலுக்காக ஏங்கினேனோ, அதைக் கேட்டு எப்படிப் பயப்படுவது?

"இல்லீங்க" என்றேன். "தெரியலை."

கிரீச்… படம் நேரானது. கண்ணாடி மாதிரி தெளிவாக நின்றது.

டங்… டங்… "இப்ப?"

எனக்குப் புரிந்துவிட்டது. தெரியுது என்று ஒரு வார்த்தை சொன்னால் வேலை முடிந்தது. அவர் போய்விடுவார்.

"தெரியலீங்க" என்றேன். "சுத்தமா தெரியலை."

அப்படித்தான் ஒரு வாரம் ஓட்டினேன். கடையில் ஊர்ப்பட்ட புளுகைக் கேட்கிறவள், வீட்டுக்கு வந்து நானே புளுகினேன். வைத்த கண் வாங்காமல் தெளிவான படத்தைப் பார்த்துக்கொண்டே, கோடு கோடாக வருகிறது என்பேன். மூக்கே தெரியவில்லை என்பேன். அவரும் சலிக்காமல் திருப்புவார். முன்பு போல ஒரு கிண்டல்கூடச் செய்யவில்லை. அதுதான் எனக்கு வலித்தது. நானே பேச்சுக் கொடுத்துப் பார்த்தேன்.

"சாப்டீங்களா?"

கிரீச்…

"அன்னிக்கு ரொம்ப வலிச்சுதாங்க?"

டங்… டங்…

"நான் ஒத்தையா இருக்கேங்க…"

டங்… டங்… "இப்ப தெரியுதா?"

ஒரு நாள் மனசு கேட்காமல் சாவியை எடுத்துக்கொண்டு ஏறினேன். பூட்டில் சாவியை நுழைத்ததும் மேலே சத்தம் நின்றது. கதவைத் திறந்தேன். யாரும் இல்லை. குழாயைத் தொட்டேன். இரும்பு ஜில்லென்று இருந்தது. நெஞ்சு உயரத்தில் மட்டும் ஒரு கைப்பிடி அளவுக்கு… சூடாக இருந்தது. அதைப் பிடித்துக்கொண்டு அழுதேன். கொஞ்ச நேரத்தில் அதுவும் ஆறிப்போயிற்று.

எட்டாவது நாள் மழை பிடித்துக்கொண்டது. சாதாரண மழை இல்லை, கொட்டித் தீர்த்தது. இன்றைக்கு வரமாட்டார் என்று நினைத்தேன். ஏழே முக்காலுக்கு…

டங்… டங்…

"இப்ப தெரியுதா?"

"தெரியலீங்க."

டங்… டங்… பிறகு ஓர் இருமல்.

அந்த இருமலை எனக்குத் தெரியும். அச்சகத்துக் காகிதத் தூசி கொடுத்த இருமல். ஈரம் பட்டால் ராத்திரி முழுக்க விடாது. எழுந்து உட்கார்ந்து நெஞ்சை நீவிவிடுவேன்.

"இப்ப…" இருமல். "இப்ப தெரியுதா?"

என்னால் முடியவில்லை. உயிரோடு இருந்திருந்தால் இந்த மழையில் ஒரு நொடி நிற்க விட்டிருப்பேனா?

ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு கத்தினேன். "தெரியுதுங்க! நல்லா தெரியுது! போதும்… இறங்கி வாங்க!"

மழைச் சத்தம் மட்டும்.

பிறகு மாடிக் கதவு திறந்தது. சாவி என் கண்ணெதிரே ஆணியில் தொங்கிக்கொண்டிருந்தது.

செருப்புச் சத்தம். சரக்… சரக்… படியில் இறங்கியது.

துண்டை எடுத்துக்கொண்டு ஓடி வாசல் கதவைத் திறந்தேன்.

படியில் யாரும் இல்லை.

சத்தம் மட்டும் வந்தது. சரக்… சரக்… எனக்கு நேராக வந்தது…

"உள்ள வாங்க" என்றேன். "தலையைத் தொவட்டிக்கிட்டுப் போங்க."

நிற்கவில்லை. என்னைத் தாண்டிக் கீழே இறங்கியது. வேலைக்கு நேரமாகிவிட்டால் போவாரே, அதே வேகம். ஒவ்வொரு மாடியாகத் தேய்ந்து, தெருவில் மழையோடு போய்விட்டது. நான் துண்டோடு வாசலிலேயே உட்கார்ந்தேன். உள்ளே செய்தி ஓடிக்கொண்டிருந்தது. அன்றிலிருந்து படம் கெடவே இல்லை. அந்தத் தெளிவான படத்தைப் பார்க்கத்தான் எனக்குப் பிடிக்கவில்லை.

பத்து நாள் கழித்து ஒரு பெண் கடைக்கு வந்தாள். குழந்தைக்கு இருமல் மருந்து கேட்டாள். என்னை உற்றுப் பார்த்தாள்.

"நீங்க எதிர்த்த மேல் மாடி வீடுதானே? நாங்க புதுக் கட்டடத்துல இருக்கோம். எங்க பால்கனியில நின்னா உங்க மொட்டை மாடி நல்லா தெரியும்."

ஆமாம் என்றேன்.

"உங்க வீட்டுக்காரர் வெளியூர் போயிருக்காரா? கொஞ்ச நாளா மாடியில காணோமே."

கையிலிருந்த மருந்து பாட்டிலை மேஜை மேல் வைத்தேன். அவரை எப்போதிலிருந்து பார்க்கிறீர்கள் என்று கேட்டேன்.

"நாங்க குடிவந்த நாள்லேருந்து. அஞ்சு மாசம் இருக்கும். பகல், ராத்திரி எப்பப் பார்த்தாலும் அந்தக் குழாயைப் பிடிச்சுக்கிட்டு, குனிஞ்சு உங்க சமையலறை ஜன்னலையே பாத்துக்கிட்டு நிப்பாரு. கொளுத்துற வெயில்லகூட நகர மாட்டாரு."

ஒரு வாரம்தான் அவரைக் காக்க வைத்தேன் என்று நினைத்திருந்தேன்.

அவள் குரலைத் தாழ்த்தினாள். "தப்பா எடுத்துக்காதீங்க அக்கா. உங்களுக்குள்ள ஏதோ சண்டைன்னு நெனைச்சோம். ஒரு வார்த்தை கூப்பிட்டா மனுஷன் இறங்கி வந்துடுவாரே, அந்தம்மாவுக்கு அப்படி என்ன கல்நெஞ்சுன்னு நானும் எங்க வீட்டுக்காரரும் பேசிக்குவோம்."