வெளிர் மரத்தில் பொங்கிய பால்

பழங்காநத்தத்தில் தன் பாட்டனார் கட்டிய வீட்டைப் புதுப்பித்த கல்லூரி நண்பன், பால் காய்ச்ச என்னையும் அழைத்திருந்தான். வெள்ளைச் சுவர்கள், வெளிர் மரத்தில் ஒரு மேசை, ஒரே ஒரு விளக்கு. "ஸ்காண்டிநேவியன் ஸ்டைல் மாப்ள. பொருளக் கொறைச்சாத்தான் மனசு லேசாகும்" என்றான்.

எங்கள் குடும்பத்தில் முதலில் பள்ளிக்கூடம் போனவன் நான். சமயநல்லூரில் ஒரே அறையில் நான்கு பேர் இருக்கிறோம். சுவரெல்லாம் ஆணி, ஆணியெல்லாம் துணி, நடுவில் என் பட்டச் சான்றிதழ். ஒரு சுவரைச் சும்மா விட்டுவைக்க இவனால் முடிகிறதே என்று வயிறு எரிந்தது. இந்த வீட்டில் ஒரு கறையாவது விழ வேண்டும் என்று மனதார விரும்பினேன்.

சமையல் மேடையும் வெளிர் மரம்தான். பால் ஏற ஏற அவன் துணியோடு குனிந்து, "அம்மா, அடுப்பக் கொறைங்க, மரம் கெட்டுரும்" என்று பதறினான்.

"பொங்காம என்னடா பால் காய்ச்சுறது? தள்ளு!" என்று அவன் அம்மா கையைத் தட்டிவிட்டார்.

பால் பொங்கி மேடையெங்கும் வழிந்தது. நான் நினைத்தது நடந்துவிட்டது. கூடியிருந்த பெண்களோ குலவையிட்டார்கள்.

"எம்புட்டு அழகாப் பொங்கிருச்சு! நீ வந்த நேரம்தான் தம்பி" என்று அவன் அம்மா முதல் தம்ளரை என்னிடம் நீட்டினார். நான் கெடுதல் நினைத்ததும் அந்த வீட்டுக்கு நல்லதாகவே முடிந்ததைத் தாங்க முடியாமல், தலையை ஆட்டியபடி குடித்தேன்.