எப்ப எடுக்கிறீங்க?

கிள்ளானில் எங்கள் வரிசை வீடுகளிலேயே முதலில் டெலிபோன் வந்தது எங்கள் வீட்டுக்குத்தான். பேச வரும் அக்கம்பக்கத்தாருக்கு அம்மா காப்பி கலக்கிக் கொடுக்கும் அளவுக்குப் பெருமை. நண்பரின் லோரிக் கடனுக்கு அப்பா ஜாமீன் கையெழுத்துப் போட்டார். நண்பர் லோரியோடு மாயமானார். அதன்பின் அந்த டெலிபோன் எங்களைப் பிடித்த சனியனாகிவிட்டது.

பைனான்ஸ் கம்பெனி ஆள் சாப்பிடும்போது அழைப்பார், சாமி கும்பிடும்போதும் அழைப்பார். எடுத்துப் பேசுவது என் வேலை. பத்து வயதுப் பெண்ணிடம் கத்த மாட்டார்கள் என்று அம்மா கணக்குப் போட்டிருந்தாள். அதுவும் தப்புக் கணக்கு. "அப்பா அவுட்ஸ்டேஷன்" என்று சொல்ல வேண்டும். "அப்பா இல்ல" என்று மட்டும் சொல்லிவிடக்கூடாது. உயிரோடு இருப்பவரை அப்படிச் சொன்னால் பலித்துவிடுமாம்.

கடைசியில் அப்பா வேலை பார்த்த இடத்துக்கும் அவர்கள் போன் அடித்தார்கள். முதலாளி அப்பாவை நிறுத்திவிட்டார். அன்று மத்தியானம் மறுபடி மணி அடித்தபோது அம்மாவே பாய்ந்து எடுத்தாள். அழுதுகொண்டே பேசினாள்.

"அவரு இல்லைங்க. இல்ல. இனிமே கூப்பிடாதீங்க."

எப்போதும் கத்துகிற குரல் சட்டென்று தணிந்தது. பக்கத்தில் ஒட்டி நின்ற எனக்கும் கேட்டது.

"ஐயையோ, தெரியாம போச்சு அக்கா. எப்ப எடுக்கிறீங்க?"

சாவு வீட்டில் எல்லோரும் கேட்கும் கேள்வி அது, எனக்கே புரிந்தது. எதிரே அப்பா சோற்றில் கையை வைத்தபடி உட்கார்ந்திருந்தார். அம்மா அவரைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்.

"நாளைக்கு மூணு மணிக்கு."

"நல்ல மனுஷன்கா," என்று அவர் போனை வைத்தார். முதல் நாள்வரை அப்பாவைத் திருட்டுப் பயல் என்றவர்.

"சூப்பர்லா அம்மா! இனிமே போனே வராது!" என்று குதித்தேன். யாரும் சிரிக்கவில்லை. அப்பா சாப்பிடாமல் எழுந்து கையைக் கழுவினார்.

"கேட்ட உடனே மணி சொல்லிட்டியே," என்றார்.

அம்மா தரையில் உட்கார்ந்து வாய்விட்டு அழுதாள். பொய் சொன்னதற்காக அழுகிறாள் என்று நினைத்தேன். யோசிக்காமல் பொய் சொல்லத் தெரிந்த கெட்டிக்காரி என்றும் நினைத்தேன். அப்பா குளியலறையில் கொஞ்சம் தாமதித்தாலும் அந்த நாட்களில் அவள் ஓடிப்போய்க் கதவைத் தட்டுவாள். அந்தச் சாவை அவள் எப்போதோ மனத்துக்குள் நடத்திப் பார்த்துவிட்டாள் என்பது அப்போது எனக்குத் தெரியவில்லை.