ஆறாவது பகுதியில் கிடைத்த சாவி

அந்தக் கொரியத் தொடரில் கதாநாயகிக்கு ஆறாவது பகுதியில் சாவி கிடைக்கிறது. அவளைக் கடத்தி வந்து, ஒரு தீவில் மூடிக் கிடக்கும் மீன் ஆலைக்குள் அடைத்து வைத்திருப்பவன் காய்ச்சலில் தூங்குகிறான். சாவி அவன் மேல்கோட்டுப் பையில் இருக்கிறது. அவள் எடுக்கிறாள், கதவைத் திறக்கிறாள், வெளியே பனி பெய்வதைப் பார்க்கிறாள். பிறகு திரும்பி வந்து அவனுக்குப் போர்வையை இழுத்துவிட்டு, தன் அறைக்குள் போய் உட்கார்ந்துகொள்கிறாள். பின்னணியில் பியானோ.

"நம்புற மாதிரியா இருக்குது?" என்றேன்.

தொலைக்காட்சிக்கு முன்னால் மூன்று பேர் இருந்தோம். நான், என் மனைவி, என் தங்கை. தினமும் மதியம் மூன்று மணிக்கு ஒரு பகுதி. தமிழில் குரல் கொடுத்திருந்தார்கள்.

"உங்களுக்கு எல்லாத்துக்கும் முன்விரோதம் வேணும்" என்றாள் மனைவி.

அது என் பழைய வேலையைக் குத்துகிற பேச்சு. சேலத்தில் ஒரு நாளிதழில் இருபது ஆண்டுகளுக்கு மேல் துணையாசிரியராக இருந்துவிட்டு, ஓய்வுக்குப் பிறகு தருமபுரிக்கே திரும்பி வந்தவன் நான். நிருபர்கள் அனுப்பும் செய்தியில் யார், எங்கே, எப்போது எல்லாம் இருக்கும். ஏன் என்பது மட்டும் பெரும்பாலும் இருக்காது. தொலைபேசியில் கூப்பிட்டு, எதற்காக அடித்தான் என்று கேட்டால், "தெரீலைங்க, முன்விரோதம்னு போட்டுக்குங்க" என்பார்கள். போட்டுக்கொள்வோம். பெண்கள் சம்பந்தப்பட்டதென்றால் குடும்பத் தகராறு. பக்கம் முடிய வேண்டும், காரணம் இல்லாத செய்தியை அச்சில் ஏற்ற முடியாது.

"அவன் கடத்துனதுக்கும் காரணம் சரியில்ல. இவ ஓடாததுக்கும் காரணம் சரியில்ல" என்றேன். "அவன் அண்ணன் செத்ததுக்கு முதலாளி காரணம்னா முதலாளியத் தூக்கணும். அவரு பொண்ண எதுக்குத் தூக்கறான்? இத்தனை பெரிய கம்பெனிக்காரரு போலீசுக்கும் போகல. ஆலையில கரண்ட் இல்லங்கறாங்க, போன்ல மட்டும் சார்ஜ் இருக்குது."

"கோட்டு கூட தினம் மாத்தறா" என்றாள் மனைவி. "அதயும் எழுதிக்குங்க."

தங்கை திரையைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்: "வெளிய பனிண்ணா. செருப்பு வேற போடல."

"அது ஒரு காரணமா?"

அவள் ரிமோட்டை எடுத்துச் சத்தத்தைக் கூட்டினாள்.

அவள் வந்து அன்றோடு பதினோரு நாள் ஆகியிருந்தது. கம்பைநல்லூர் பஸ்ஸில் ஒரு கட்டைப்பையோடு வந்து இறங்கியவள், இனிமேல் அங்கே போக மாட்டேன் என்றாள். கல்யாணமாகி ஏழு வருடம். மாப்பிள்ளைக்குப் புளி வியாபாரம். குடி இல்லை, கை நீட்டியதில்லை. வருகிற ஞாயிற்றுக்கிழமை அவரும் அவருடைய பெரியப்பாவும் பேசுவதற்கு வருவதாகச் சொல்லியிருந்தார்கள். பேச்சு என்றால் எங்கள் பக்கத்தில் ஒரே கேள்விதான்: என்ன காரணம்? அதற்கு ஒழுங்காகப் பதில் சொல்ல முடியாத பெண் சாயங்காலத்துக்குள் புருஷன் வீட்டில் இருப்பாள். கார் எடுத்துக்கொண்டு வருவதே அதற்குத்தான்.

காரணம் இருந்தது. வீடு ஊருக்கு வெளியே, மாந்தோப்பை ஒட்டி இருக்கிறது. காலை எட்டு மணிக்கு மாப்பிள்ளை மண்டிக்குக் கிளம்பும்போது முன்பக்கக் கிரில் கதவை வெளியே பூட்டி, ஒரு முறை இழுத்துப் பார்த்துவிட்டு, சாவியைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு போவார். இரவு ஏழரைக்கு வந்து திறப்பார். ஏழு வருடமும் அப்படித்தான். பால் பாத்திரம் கம்பி வழியாக உள்ளே போகும். வெளியே போக வேண்டுமென்றால் ஞாயிற்றுக்கிழமை, அவரோடு.

அந்தப் பூட்டை நான் பார்த்திருக்கிறேன். ஐந்தாம் வருடப் பொங்கல் சீரைக் கொண்டுபோன அன்று மாப்பிள்ளை மண்டியில் மாட்டிக்கொண்டார். கரும்பைக் கம்பிக்கு நடுவே ஒவ்வொன்றாக நீட்டினேன். மஞ்சள் கொத்து, வெல்லம், புடவை எல்லாம் போனது. பச்சரிசிப் பை மட்டும் நுழையவில்லை. எதிர் வீட்டுப் பால்கார அம்மாவிடம் கொடுத்துவிட்டு வந்தேன். "ஜெயில்ல மனுப் போட்டுப் பாக்கற மாதிரி இருக்குதும்மா" என்று சொல்லிச் சிரித்தேன். அவளும் சிரித்தாள். ஊருக்கு வந்து மனைவியிடம் அதைத் தமாஷாகச் சொன்னேன்.

ஞாயிற்றுக்கிழமை கூச்சல் வேண்டாம் என்பதற்காக, விஷயத்தை எழுதிப் பெரியப்பாவின் போனுக்கு முன்கூட்டியே அனுப்பிவிடலாம் என்று நினைத்தேன். தங்கையை உட்கார வைத்துக் கேட்டேன். அவள் எல்லாவற்றையும் சொன்னாள். நாலாம் வருடம் பரணைச் சுத்தம் செய்யும்போது பூட்டு வாங்கிய பழைய அட்டைப்பெட்டி கிடைத்ததையும், அதில் இரண்டாவது சாவி டேப் போட்டு ஒட்டியிருந்ததையும், அதை அரிசி டிரம்முக்குள் போட்டு வைத்ததையும் சொன்னாள்.

"அப்ப மூணு வருசமா உங்கிட்ட சாவி இருந்துச்சா?"

"இருந்துச்சுண்ணா."

நான் கரும்பு நீட்டிய அன்றும் இருந்திருக்கிறது. அதை நான் கேட்கவில்லை.

"அப்பறம் எதுக்கு இப்ப வந்த? கெளம்புன அன்னிக்கு என்ன நடந்துச்சு?"

"ஒன்னும் நடக்கலண்ணா."

"சண்டை?"

"இல்ல."

அதற்கு மேல் நான் தோண்டவில்லை. பக்கம் முடிக்கிற அவசரம் இன்னும் கையில் இருந்தது. சாவியைப் பற்றிய வரிகளை வெட்டினேன். கையில் சாவி வைத்திருந்தவள் அடைபட்டிருந்தாள் என்றால் யார் நம்புவார்கள்? கிளம்பிய நாளுக்கு, 'அன்று ஏற்பட்ட வாக்குவாதத்தைத் தொடர்ந்து' என்று போட்டேன். மாப்பிள்ளை ஏன் பூட்டினார் என்பதற்கு, 'சந்தேகத்தின் பேரில்' என்று போட்டேன். ஒரு பக்கத்துக்குள் அடங்கியது. படிக்கக் கொடுத்தேன்.

"நல்லா இருக்குதுண்ணா" என்றாள் தங்கை. "யாரோ ஒருத்தியோட கதை மாதிரி இருக்குது."

அதைப் பாராட்டாக எடுத்துக்கொண்டேன்.

ஞாயிற்றுக்கிழமை பத்து மணிக்குக் கார் வந்தது. ஒரு தட்டில் வாழைப்பழம், ஆப்பிள், மல்லிகைப் பூ. மனைவி மோர் கொண்டுவந்து வைத்தாள். "பேசி முடியட்டுங்க, அப்பறம் குடிக்கறோம்" என்றார் பெரியப்பா. முடிவு தெரியாமல் கை நனைக்கிற வழக்கமில்லை. இரண்டு டம்ளர்களும் டீப்பாய் மேல் அப்படியே இருந்தன. தங்கை சமையலறை வாசலில் நின்றாள்.

பெரியப்பா கண்ணாடியை மாட்டிக்கொண்டு போனை எடுத்தார்.

"நல்லா எழுதியிருக்கறீங்க. பேப்பர்ல வர்ற மாதிரியே இருக்குது" என்றார். அவர் குரலில் கிண்டல் இருந்ததா என்று தெரியவில்லை. "'அன்று ஏற்பட்ட வாக்குவாதத்தைத் தொடர்ந்து'னு ஒரு எடத்துல வருது. என்னா வாக்குவாதம்டா?"

மாப்பிள்ளை நிமிர்ந்தார். "அன்னிக்கு ஒன்னும் இல்லைங்க பெரிப்பா. இட்லி சாப்ட்டேன், கெளம்புனேன். வேணும்னா அவளையே கேளுங்க."

பெரியப்பா போனை வைத்துவிட்டுச் சட்டைப் பையிலிருந்து ஒரு சாவியை எடுத்து மோர் டம்ளருக்குப் பக்கத்தில் வைத்தார். கிளம்பும்போது தங்கை வீட்டைப் பூட்டி, அந்தச் சாவியைத்தான் பால்கார அம்மாவிடம் கொடுத்துவிட்டு வந்திருக்கிறாள்.

"இது எத்தன நாளா பொண்ணு கையில இருந்துச்சுங்க? அத மட்டும் எழுத மறந்துட்டீங்க. தொறக்கறதுக்குச் சாவி இருக்கற வூட்டுல யாருங்க யாரப் பூட்டி வெக்க முடியும்?"

ஒரு பொய்யைச் சேர்த்து ஒரு உண்மையை வெட்டியதில், மீதி இருந்த உண்மைகளும் பொய்யாகிவிட்டன. மனைவி என்னைப் பார்த்தாள். மாப்பிள்ளை பூத்தட்டைக் கொஞ்சம் முன்னால் நகர்த்தினார்.

தங்கை இரண்டடி முன்னால் வந்தாள்.

"அது எங்கிட்ட இருந்த சாவிதாங்க மாமா. மூணு வருசமா அரிசி டிரம்ல கெடந்துச்சு."

"அப்ப போக வேண்டியதுதானம்மா? யாரு வேணாம்னா?"

"சாவி இல்லாதப்ப தினமும் பூட்டப் பாத்துட்டே இருப்பேங்க. கெடச்சப்பறம் பாக்கறத வுட்டுட்டேன். எப்ப வேணா போலாம், இன்னிக்கு வேணாம், துணி காயப் போட்டிருக்குதுனு இருந்துடுவேன். அடுத்த நாளு மாவு ஆட்டணும். அப்பிடியே போயிருச்சு."

"சரி. அது நீயா இருந்தது. அதுல அவன் தப்பு என்னா?"

"நான் தப்பச் சொல்ல வரலீங்க. அன்னிக்கு நடந்ததச் சொல்றேன்." அவள் குரல் ஏறவும் இல்லை, இறங்கவும் இல்லை. "அன்னிக்கு இவரு பூட்டாமப் போயிட்டாரு. பூட்டு சும்மா தொங்குது. பத்து மணிக்குத்தான் பாத்தேன். பாத்ததும், ஐயோ தொறந்து கெடக்குதேனு, கம்பி வழியா கைய வெளிய வுட்டு, பூட்ட மாட்டி அழுத்திட்டேன். டக்குனு சத்தம் கேட்டுச்சு. அப்பறம் உள்ள வந்து கத்திரிக்காய் அரிஞ்சேன். பாதி அரியறப்பத்தான் நான் என்னா பண்ணேன்னு தெரிஞ்சுது. கை வேல செய்யலீங்க. இன்னும் ஒரு நாளு இருந்தா அந்தச் சாவி எனக்குத் தேவையே இருக்காதுனு பயம் வந்துருச்சு. அரிஞ்ச காய தண்ணியிலயே போட்டுட்டு வந்துட்டேன்."

பெங்களூர் போகிற ரயில் வீட்டுக்குப் பின்னால் கடந்து போனது.

பிறகு மாப்பிள்ளை வாய் திறந்தார்.

"அன்னிக்கு நான் பூட்டாமயா போனேன்?"

தங்கை அவரைப் பார்த்தாள்.

"இல்லியே. இழுத்துப் பாத்துட்டுத்தான போவேன். தினம் இழுத்துப் பாப்பனே." விரலை மடக்கி அந்தக் காலையைத் திரும்ப நினைத்துப் பார்த்தார். "வண்டிய எடுத்தேன். போன் வந்துச்சு. அப்பத்தான் வுட்டுருப்பனா?"

பெரியப்பா கண்ணாடியைக் கழற்றினார். மருமகளைப் பார்த்தார், பிறகு நெடுநேரம் தம்பி மகனைப் பார்த்தார்.

"டே. அவ என்னா சொல்றா, நீ என்னா கேக்கற?"

"இல்லீங்க பெரிப்பா, நான் எப்பிடிப் பூட்டாம..."

"போதும், எந்திரி."

மோர் டம்ளரை எடுத்து ஒரே மூச்சில் குடித்துவிட்டு வைத்தார். "கொஞ்ச நாளு பொண்ணு இங்கயே இருக்கட்டுங்க" என்று என்னிடம் சொன்னார். கொஞ்ச நாள் என்றால் என்ன என்று அங்கே இருந்த எல்லோருக்கும் புரிந்தது, ஒருவேளை மாப்பிள்ளையைத் தவிர. பூவும் பழமும் தட்டோடு திரும்பிப் போயின. சாவியை மாப்பிள்ளை எடுத்துக்கொண்டார்.

கார் வரைக்கும் கூடப் போனேன். ஏறுவதற்கு முன் மாப்பிள்ளை என்னிடம் தாழ்ந்த குரலில் சொன்னார்: "சந்தேகம்னு எழுதிட்டீங்க மச்சான். அதெல்லாம் இல்லைங்க. வூடு பூட்டி இருக்குதுனு தெரிஞ்சாத்தான் மண்டில எனக்குக் கை ஓடும். சின்ன வயசுல இருந்தே அப்பிடி. வேற ஒன்னும் இல்லைங்க."

அவர் சொன்னதை நான் நம்பினேன். எட்டு பத்து தடவை அவரோடு உட்கார்ந்து சாப்பிட்டிருக்கிறேன். பூட்டு ஏன் என்று ஒரு தடவைகூடக் கேட்டதில்லை. கேட்டிருந்தால் இதே பதிலைத்தான் சொல்லியிருப்பார். செய்தியில் போட இது ஒரு காரணமா என்று நான் அதையும் ஒதுக்கியிருப்பேன்.

அடுத்த வாரம் தொடர் முடிந்தது. கடத்தியவன் திருந்தினான். முதலாளி ஒரே வசனத்தில் மன்னிப்புக் கேட்டார். அவள் தானாகவே அந்தத் தீவுக்குத் திரும்பிப் போனாள். என் கருத்து மாறவில்லை. மோசமாக எழுதப்பட்ட தொடர்தான். ஆனால் குறை எங்கே என்பதில் தவறு செய்திருந்தேன். அதைச் சரிபார்ப்பதற்காக ஆறாவது பகுதியை மட்டும் போனில் இன்னொரு முறை போட்டேன். அவள் கதவைத் திறக்கிறாள், பனி பெய்கிறது, போர்வையை இழுத்துவிடுகிறாள், தன் அறையில் உட்காருகிறாள். நடுவில், திறந்த கதவு மறுபடி மூடப்பட்டிருக்கிறது. அதை யார் மூடியது, மூடும்போது அவள் முகம் எப்படி இருந்தது என்பதைக் காட்டவில்லை. அந்த இடத்தில் கேமரா கடலுக்குப் போய்விடுகிறது. அவள் ஓடாதது பிழையில்லை. எழுதியவருக்கும் ஏன் என்று தெரியாததால் பியானோவைப் போட்டுவிட்டார். நாங்கள் முன்விரோதம் போட்ட மாதிரி.

"அந்த எடத்துல ஒரு கத்திரிக்காய் வெச்சிருந்தா சரியா இருந்திருக்கும்" என்றேன் மனைவியிடம்.

"கொரியாவுல ஏதுங்க கத்திரிக்காய்?"

உள்ளறையில் துணி மடித்துக்கொண்டிருந்த தங்கை அங்கிருந்தே சொன்னாள்: "இருக்குது அண்ணி. ரெண்டாவது பகுதில வதக்குனாங்களே, பாக்கல?"