கவிழ்த்து வைத்திருந்த போன்

என் போன் பெட்டரியை எண்பது வீதத்துக்கு மேல் ஏற விடமாட்டேன், இருபதுக்குக் கீழ் இறங்கவும் விடமாட்டேன். தலையணைக்கடியில் சார்ஜ் போட்டு ஒரு போனை ஊத வைத்து, திருத்துகிற கடைக்காரரிடம் வாங்கிக் கட்டிக்கொண்ட நாளிலிருந்து இந்தப் பழக்கம். அது என்னோடு நின்றிருந்தால் யாருக்கும் கேடில்லை. எந்த வீட்டுக்குப் போனாலும் என் கண் முதலில் பிளக்கைத்தான் தேடும். சூடேறிக் கிடக்கும் போனைக் கண்டால் கேட்காமலே வயரைப் பிடுங்கிவிட்டு, "இப்பிடி விட்டா பெட்டரி ஊதும் புள்ள" என்று பள்ளியில் செய்வதுபோல் ஒரு பயானும் வைப்பேன். பிள்ளைகள் என்னைப் பெட்டரி டாக்டர் என்று கேலி செய்வார்கள். எனக்கு உள்ளுக்குள் பெருமைதான்.

பக்கத்து வீட்டு மாமி, வாப்பாவின் கூடப்பிறந்தவர், ஒரு நாள் விடியலில் மௌத்தானார். மகளோடுதான் இருந்தார், எங்கள் ஊரில் வீடு பெண்பிள்ளைக்குத்தானே. அந்த மகள், என் மச்சி, என்னைவிட ஒரு வயது இளையவள்; நாங்கள் இரண்டு பெண்களும் ஒருவரையொருவர் மச்சி என்றுதான் கூப்பிடுவோம். ஒரே மகன், என் மச்சான், கட்டாரில் வேலை. பின்னேர அசர் தொழுகையோடு ஜனாஸா நல்லடக்கம் என்று பள்ளியில் அறிவித்துவிட்டார்கள். மச்சானால் அதற்குள் வந்து சேர முடியாது. முகத்தை மூடுவதற்கு முன் போனில் ஒரு தரம் உம்மாவைக் காட்டும்படி கேட்டார். அவர் கேட்டது அது ஒன்றுதான்.

பகல் லுஹர் தொழுகைக்குப் பிறகு மச்சி அவரை வீடியோ கோலில் எடுத்து, லைனை வெட்டாமல் வைத்திருந்தாள். வெட்டினால் திரும்பக் கிடைக்குமோ என்ற பயம். குளிப்பாட்டும் நேரம் வந்ததும் பெண்கள் அபாயாவைக் கழற்றிக் கையை மடித்துவிட்டார்கள். அவர்களை அந்நிய ஆண் பார்க்கக் கூடாதல்லவா. அதனால் மச்சி சத்தத்தை நிறுத்தி, போனைச் சார்ஜில் போட்டு ஜன்னல் கட்டின் மேல் கவிழ்த்து வைத்தாள். "போனை வெச்சிராதீங்க காக்கா, முடிஞ்சதும் காட்டுறன்" என்று அதற்கு முன் அவள் அண்ணனிடம் சொன்னதாகப் பிறகுதான் அறிந்தேன். அப்போது நான் கிணற்றடியில் இலந்தை இலை போட்டுத் தண்ணீர் சுட வைத்துக்கொண்டிருந்தேன்.

தண்ணீரோடு உள்ளே வந்தவள் ஜன்னலில் அதைக் கண்டேன். சார்ஜில் கிடந்தது. தொட்டுப் பார்த்தேன், நல்ல சூடு. மய்யித்து வீட்டிலும் என் குணம் போகவில்லை. யாரோ மறந்துவிட்டார்கள் என்று நினைத்து வயரைப் பிடுங்கிவிட்டு, ஒரு நல்ல காரியம் செய்த திருப்தியோடு வாளியைத் தூக்கிக்கொண்டு போனேன். அது பழைய போன். வயரில் இருந்தால் மட்டும்தான் வேலை செய்யும்.

குளிப்பாட்டி, கபன் துணி உடுத்தி, முகம் மட்டும் திறந்திருந்தது. மச்சி போனை எடுத்தாள். நின்றுபோயிருந்தது. வயரைச் செருகினாள்; கறுத்த திரையில் ஒரு சிவப்புக் கோடு மட்டும் வந்தது. எங்கள் யாருடைய போனிலும் மச்சானின் இலக்கம் இல்லை. அது இருந்தது மச்சியின் புருஷனிடம். அவர் மையவாடியில் கபுறுக்குழி வெட்டும் இடத்தில் நின்றார். அவருக்கு எடுத்தால் பதில் இல்லை.

"அசர் பாங்கு செல்லிட்டாங்க, தூக்குவம்" என்று வாசலில் நின்ற ஆண்கள் கூப்பிட்டார்கள்.

"கொஞ்சம் பொறுங்க. காக்கா பாக்கல்ல. கொஞ்சம் பொறுங்க."

பொறுத்தார்கள். பள்ளியில் ஜமாஅத்து காத்திருந்தது, அதற்கு மேல் ஏலவில்லை. முகத்தை மூடினார்கள். மாமியைச் சுமந்த சந்தூக்கு கேற்றைத் தாண்டிப் போன பிறகுதான் போன் உயிர் பெற்றது. உடனே அழைப்பு வந்தது.

"காட்டு தங்கச்சி" என்றார் மச்சான்.

அவள் சுவரோடு சாய்ந்து உட்கார்ந்துவிட்டாள். நான் அவள் முதுகைத் தடவிக் கொடுத்தேன். பிடுங்கிய அதே கையால். வயர் தானாகக் கழன்றிருக்கும் என்று அவள் அழுதபோது ஓம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை.

எட்டு மாதம் கழித்து மச்சான் லீவில் வந்தார். தங்கச்சிக்குப் புதுப் போன் கொண்டுவந்திருந்தார். நான் பார்க்கப் போயிருந்தபோது பேச்சு அந்த நாளுக்கு வந்தது.

"பிழை என்னிலதான் காக்கா. வயர் சரியா இரிக்கா எண்டு பாக்காம விட்டுட்டன்" என்றாள் மச்சி.

அவர் அவளைப் பார்க்கவில்லை. என் பக்கம் திரும்பினார். "மச்சி, இதுகள் வெளங்கின ஆள் நீங்கதான். சரியா அந்த நேரத்தில ஏன் நிண்ட அது?"

சொல்லிவிடலாம் என்று வாயைத் திறந்தேன். அல்லாஹ் சாட்சி, சொல்லத்தான் திறந்தேன்.

"பழைய பெட்டரி மச்சான். கவனமாப் பாவிச்சிரிந்தா நிண்டிரிக்காது."

மச்சி தலையைக் குனிந்து, ஓம் என்று ஆட்டினாள். பிறகு அவர் கொண்டுவந்த பேரீச்சம்பழத் தட்டை என் பக்கமாகத் தள்ளி, "எடுங்க மச்சி" என்றாள். நான் எடுத்துச் சாப்பிட்டேன்.