அமலாவின் குரல், இன்னொருவர் காரில்

போன மாதம் ஒரு சனிக்கிழமை. சிங்கப்பூர் தேக்கா சந்தையில் மீனும் காய்கறியும் வாங்கிக்கொண்டு கிளமெண்டிக்குத் திரும்பிக்கொண்டிருந்தோம். காரை ஓட்டியவர் எங்கள் பக்கத்து வீட்டு அருள். அவர் பக்கத்தில் மனைவி அமலா. பின்சீட்டில் நானும் பைகளும்.

ஒரு ஜங்ஷனை நெருங்கியபோது அருளின் போன் சத்தம் போட்டது: “கேமரா இருக்கு, பாத்துப் போங்க!” அதே நொடியில் பச்சை விளக்கு மஞ்சளானது. அருள் பிரேக்கை ஓங்கி மிதித்தார். பின்னால் வந்த வேன்... டமால்!

எனக்கு ஒன்றுமில்லை. அமலாவுக்குத்தான் கழுத்து பிசகிவிட்டது. பல நாள் கழுத்துப் பட்டையோடு ஆபீஸ் போனாள்.

போனில் கேட்டது அமலாவின் குரல்தான். அவள் சாப்ட்வேர் இன்ஜினியர். சிவப்பு விளக்கைத் தாண்டும் வண்டிகளைப் படம்பிடிக்கும் கேமரா இருக்கும் ஜங்ஷன் வந்தால் எச்சரிக்கும் ஆப் ஒன்றை எழுதி, தன் குரலையே பதிந்து, அதன் புரோகிராமை இணையத்தில் எல்லாருக்கும் திறந்து வைத்திருந்தாள். யாரும் எடுக்கலாம், மாற்றலாம், விற்கவும் செய்யலாம். லைசென்ஸில் ஒரே நிபந்தனை – மாற்றி வெளியிட்டால், மாற்றிய புரோகிராமையும் எல்லாருக்கும் திறந்து வைக்க வேண்டும்.

விபத்துக்குப் பிறகு அந்த வீட்டில் தினமும் பட்டிமன்றம்.

“கேமரா இல்லாட்டி நான் பாட்டுக்கு தாண்டிப் போயிருப்பேன் லா. இதெல்லாம் சேஃப்டியா?” என்பார் அருள்.

“கேமரா இருக்கறதாலதான் நான் தைரியமா ரோடு கிராஸ் பண்றேன்” என்பாள் அமலா.

“அப்ப என்னைக் கத்திப் பயமுறுத்துனது யாரு? உன் ஆப்!”

அதற்கு மட்டும் அவள் முகம் வாடிவிடும்.

கொஞ்ச நாள் கழித்து வாடகைக் காரில் தஞ்சோங் பகாருக்குப் போனேன். திடீரென்று ஓட்டுநரின் போனிலிருந்து அமலா பேசினாள்! “கேமரா இருக்கு, பாத்துப் போங்க.” ஜங்ஷனோ இன்னும் தூரத்தில். அவர் சாவகாசமாக வேகத்தைக் குறைத்தார்.

“இது என்ன ஆப்?”

“மாசாமாசம் காசு கட்டறேன், மேடம். வொர்த் லா.”

வீடு திரும்பியதும் அமலாவிடம் சொன்னேன். அவளும் அந்த ஆப்பைப் போட்டுப் பார்த்தாள். தன் ஆப் தாமதமாகக் கத்துகிறது என்பது அப்போதுதான் அவளுக்கே புரிந்தது. ஏதோ ஒரு கம்பெனி அதை முன்பே கண்டுபிடித்துச் சரிசெய்திருக்கிறது. விற்கவும் செய்கிறது. திருத்தத்தை மட்டும் பூட்டி வைத்துக்கொண்டது.

கம்பெனிக்கு மெயில் அனுப்பினாள். “இலவசமாக வைத்ததற்கு இப்போது என்ன உரிமை?” என்ற தோரணையில் பதில் வந்தது. அருளும் அதையேதான் கேட்டார்.

“சும்மா குடுத்துட்டு இப்ப எதுக்கு சண்டை?”

“சும்மா குடுக்கலைங்க. கண்டிஷனோட குடுத்தேன். அதை அவங்க மதிச்சிருந்தா, அன்னிக்கு நம்ம போனும் முன்னாடியே சொல்லியிருக்கும்.”

அருள் நாற்காலியை அவள் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டார். அடுத்த மெயிலை இருவரும் சேர்ந்து எழுதினார்கள். சற்றுக் கடுமையாகவே.

கம்பெனி மன்னிப்புக் கேட்டு, திருத்தத்தைத் திறந்து வைத்தது. அமலா அதைத் தன் ஆப்பிலும் சேர்த்துவிட்டாள்.

காசு கொடுத்து வாங்கிய பொருள் என்றால் எல்லா விதிக்கும் தலையாட்டுகிறோம். இலவசத்துக்கும் விதி உண்டு என்றால் மட்டும்... ஏன் இவ்வளவு கோபம்?

கேமரா நல்லதா கெட்டதா என்ற பட்டிமன்றம் இன்னும் முடியவில்லை. நேற்று லிஃப்டில் என்னைத் தீர்ப்புச் சொல்லச் சொன்னார்கள்.

என்னிடம் ஏது லைசென்ஸ்? கார் ஓட்டவே எடுத்ததில்லை!